ஏரோட்டர் குழாய்க்குள் வளர்ந்த உயிர்ப்படலம்: கீழக்கரைக் கிளினிக் ஒன்றில் நீர்வழியைச் சீர்செய்த பதிவு

தொண்டியிலிருந்து இராமேசுவரம், கீழக்கரை வரையுள்ள கடற்கரை ஊர்களில் பல் மருத்துவ நாற்காலிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். இங்கே கிளினிக் நடத்தும் எவரும் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் உப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். அதற்குத் தக்க காரணமும் உண்டு. கடலோரத்து நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பாகவே இருக்கிறது. போர்வெல் தண்ணீரை நேரடியாக நாற்காலிக்குக் கொடுத்தால் சில மாதங்களிலேயே நீரைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வும் பல்லைச் சுத்தம் செய்யும் ஸ்கேலரின் நுனியும் வெள்ளைப் பொருக்குக் கட்டி அடைத்துக்கொள்கின்றன. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களிலும் அது தினமும் வருவதில்லை என்பதால் சம்ப்பில் தேக்கி, மாடித் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து எடுத்துப் புழங்க வேண்டியிருக்கிறது. மீதத் தேவைக்குத் தள்ளுவண்டிக் குடங்களும் லாரித் தண்ணீரும் ஆர்.ஓ. கேன்களும்தான். ஆகவே தனி பாட்டில் பொருத்திய நாற்காலிகள் வந்த பிறகு டாக்டர்கள் பலரும் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்து, எண் குறைவாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று நிம்மதி அடைகிறார்கள்.

அந்த மீட்டர் நீரின் மின்கடத்தலைக் கொண்டு கரைந்திருக்கும் உப்பைக் கணிக்கிறது. கிருமி இருப்பதோ இல்லாததோ அதில் தெரியாது. பாட்டிலில் எவ்வளவு நல்ல தண்ணீரை ஊற்றினாலும், நாற்காலிக்குள் ஓடும் மெல்லிய குழாய் கெட்டிருந்தால் நோயாளியின் வாய்க்குள் போவது கெட்ட தண்ணீர்தான் என்பதைக் கீழக்கரையில் ஒரு கிளினிக்கில் செய்த வேலையைக் கொண்டு விளக்கவே இதை எழுதுகிறேன். கிளினிக்கையும் மருத்துவரையும் அடையாளம் காட்டப் போவதில்லை. அவர் இந்த வேலையை எழுதிப் பகிரச் சம்மதித்தவர், தன் நோயாளிகள்மீது உண்மையான அக்கறை உள்ளவர் என்பது மட்டும் போதும்.

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து கிளினிக் திறந்த அன்று காலையில் அவர் என்னை அழைத்தார். "அண்ணே, சிரிஞ்சுல வர்ற தண்ணி நாறுது. கேனையும் மாத்தியாச்சு, பாட்டிலையும் கழுவியாச்சு, போகமாட்டேங்குது" என்றார். நோயாளியை உட்கார வைக்க வேண்டாம் மேடம், நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பாட்டிலை மாற்றியும் நாற்றம் போகவில்லை என்ற அந்த ஒரு தகவலே போதுமானதாக இருந்தது. கோளாறு பாட்டிலுக்கு அப்பால், குழாயில் இருக்கிறது என்று அது சொல்லிவிட்டது.

நாற்காலியின் நீர்வழியை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கவாட்டில் தொங்கும் ஒன்று அல்லது இரண்டு லிட்டர் பாட்டிலுக்குள் கம்ப்ரஸரின் காற்று அழுத்தத்தோடு செலுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் தண்ணீரை உறிஞ்சுகுழல் வழியாக மேலே தள்ளி, பிரிப்புக் கட்டைக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பல்லைக் குடையும் அதிவேகக் கருவியான ஏரோட்டருக்கு ஒரு குழாய், அதைவிட மெதுவாகச் சுழலும் மைக்ரோமோட்டாருக்கு ஒன்று, ஸ்கேலருக்கு ஒன்று, காற்றும் நீரும் பீய்ச்சும் த்ரீ-வே சிரிஞ்சுக்கு ஒன்று எனப் பிரிகின்றன. எல்லாம் உட்புற விட்டம் இரண்டு மில்லிமீட்டர் அளவேயுள்ள பாலியூரித்தேன் குழாய்கள். துப்பும் கிண்ணத்தை அலசுவதற்கும் டம்ளரை நிரப்புவதற்கும் மட்டும் மாடித் தொட்டியின் தண்ணீர் தனி வழியில் வருகிறது.

முதல் வேலையாக மாதிரிகளை எடுத்தேன். குழாயை அவிழ்த்த பிறகு எடுக்கும் மாதிரிக்கு மதிப்பு இல்லை. அசையும்போதே உட்சுவரில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலம் பெயர்ந்து கணக்கைக் குழப்பிவிடும். மதுரையில் உள்ள நீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றிலிருந்து வாங்கி வைத்திருந்த கிருமிநீக்கிய புட்டிகளில், கேனிலிருந்து ஒன்று, பாட்டிலிலிருந்து ஒன்று, சிரிஞ்சு நுனியிலிருந்து ஒன்று, குழாய் முனையில் பொருத்தும் கைக்கருவியான ஹேண்ட்பீஸைக் கழற்றிவிட்டு ஏரோட்டர் குழாயிலிருந்து ஒன்று என்று பிடித்தேன். அந்தப் புட்டிகளில் சோடியம் தயோசல்பேட் சிறிதளவு முன்னரே இடப்பட்டிருக்கும். நீரில் குளோரின் எஞ்சியிருந்தால் அதை அது முறித்துவிடும். இல்லாவிட்டால் வழியெல்லாம் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே போய், நீர் தூய்மையானது என்ற பொய்யான முடிவைக் காட்டும். புட்டிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி அன்றைக்கே அனுப்பினேன். இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் கூடத்தைச் சேராத மாதிரியை நம்பக் கூடாது.

பரிசோதனைக் கூடத்திடம் எதைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். குடிநீர்ச் சோதனை என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கோலிஃபார்ம், ஈ-கோலை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, இல்லை என்று அறிக்கை தருவார்கள். அவை மலக் கலப்பைக் காட்டும் கிருமிகள்; நாற்காலிக் குழாயில் வாழ்பவை பெரும்பாலும் நீரிலேயே இயல்பாக வாழும் வேறு இனங்கள். 1982ஆம் ஆண்டு குவாலியரின் பாதுகாப்பு ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு புட்டிச் சோதனை நம் ஊர்களிலும் பழக்கமானது. மலக் கலப்பு இருந்தால் புட்டி கருத்துவிடும். கேன் தண்ணீரைச் சோதிக்க அது நல்ல, மலிவான கருவி. அன்று அதையும் வைத்துப் பார்த்தேன். நாற்றமடித்த சிரிஞ்சுத் தண்ணீரிலும் புட்டி கருக்கவில்லை. நாற்காலிக்கு வேண்டியது மொத்த ஹெட்டரோட்ரோஃபிக் எண்ணிக்கை, அதாவது நீரில் வாழும் பொதுவான கிருமிகளின் கணக்கு. அதையும் ஆர்-2-ஏ என்னும் ஊட்டம் குறைந்த ஊடகத்தில், குறைந்த வெப்பநிலையில், பல நாட்கள் வைத்து எண்ணச் சொல்ல வேண்டும். ஊட்டம் மிகுந்த ஊடகத்தில் 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால், பட்டினியிலேயே வாழப் பழகிய நீர்க்கிருமிகளில் பெரும்பகுதி வளராமல் தப்பிவிடும்.

மாதிரிகள் போன பிறகு பாட்டிலின் அழுத்தத்தை இறக்கி, கம்ப்ரஸரை அணைத்து, நாற்காலியின் கீழ்ப் பெட்டியைத் திறந்தேன். கடற்காற்று படும் ஊர் என்பதால் பித்தளை இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சிரிஞ்சுக்குப் போகும் குழாயைக் கட்டையிலிருந்து பிடுங்கி, விரல் நீளத்திற்கு ஒரு துண்டை அறுத்து, அதைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து வெள்ளைத் தாளின்மேல் விரித்து வைத்தேன். வெளியிலிருந்து பார்க்கும்போது லேசாக மங்கியதுபோல் மட்டுமே தெரிந்த குழாயின் உட்சுவர் முழுவதும் பழுப்பு மஞ்சள் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருந்தது. ஈரமாக இருந்தபோது பளபளத்தது. ஊசி நுனியால் சுரண்டியபோது சளிபோல இழுபட்டு, நுனியிலேயே தொங்கியது. ஓடும் குழாய்த் தண்ணீரில் அந்தத் துண்டைப் பிடித்துக் காட்டினேன். மேலே ஒட்டியிருந்த சில திப்பிகள் போயினவே தவிரப் படலம் அசையவில்லை. படலத்திற்கு அடியில் நகக்கண்ணில் நெருடும் அளவுக்குச் சுண்ணப் பொருக்கும் இருந்தது. கேன் தண்ணீருக்கு மாறுவதற்கு முன்பு இந்த நாற்காலி லாரித் தண்ணீரில் ஓடியது. அந்தக் காலத்துப் பொருக்கு சுவரைச் சொரசொரப்பாக்கி, கிருமிகள் பற்றிக்கொள்ளப் பிடிமானம் கொடுத்திருந்தது.

டாக்டரின் உதவியாளரான பெண் அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுதானா அண்ணே இவ்வளவு நாளும் வாய்க்குள்ள போச்சு?" என்று கேட்டார். படலம் முழுதாகப் போவதில்லை. அதிலிருந்து உதிர்கின்றவை நீரோடு போகின்றன என்று விளக்கினேன். கிருமிகள் தனித்தனியாக மிதப்பதைவிட ஒரு பரப்பில் ஒட்டி, தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக வாழ்வதையே விரும்புகின்றன. அந்தப் பசை அவற்றைக் காயாமலும் கிருமிநாசினி எளிதில் ஊடுருவாமலும் காக்கிறது. ஆய்வாளர்கள் பயோஃபிலிம் என்று அழைக்கும் அதை இந்தப் பதிவில் உயிர்ப்படலம் என்கிறேன். பல்லில் படியும் காரையும் ஓர் உயிர்ப்படலமே என்பதால், பல் மருத்துவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

பெரிய குழாய்களில் இந்த அளவுக்கு ஏற்படாத கேடு நாற்காலிக் குழாயில் மட்டும் ஏன் ஏற்படுகிறது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. உருளைக் குழாயில் ஒரு மில்லிலிட்டர் நீர் தொடும் சுவரின் பரப்பு, நான்கை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். இரண்டு செண்டிமீட்டர் விட்டமுள்ள வீட்டுக் குழாயில் அது இரண்டு சதுர செண்டிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள நாற்காலிக் குழாயிலோ இருபது சதுர செண்டிமீட்டர். அதாவது, அதே அளவு தண்ணீருக்குப் பத்து மடங்கு சுவர். அதற்குமேல், இவ்வளவு ஒடுங்கிய குழாயில் நீர் சுழிக்காமல் அடுக்கடுக்காக வழுக்கிச் செல்வதால், நடுவில் வேகமாக ஓடினாலும் சுவரையொட்டி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சுவரில் ஒட்டியதைப் பெயர்த்தெடுக்கும் விசை அதற்கு இல்லை. ஆறு மீட்டர் குழாயில் நிற்கும் தண்ணீரை அளந்தால் இருபது மில்லிலிட்டர்கூட வராது. அது இரவு முழுவதும், ஞாயிறு முழுவதும், பெருநாள் விடுமுறை முழுவதும் அதே சுவரைத் தொட்டபடி நிற்கிறது. வெப்பமோ நம் ஊர் வெப்பம். லெஜியனெல்லா என்னும் நுரையீரல் நோய்க்கிருமி 25 முதல் 45 டிகிரி வரை நன்றாக வளரக்கூடியது. பூட்டிய கிளினிக்கின் உள்வெப்பம் ஆண்டில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஆர்.ஓ. தண்ணீர் இதில் ஒரு கூடுதல் சிக்கலைக் கொண்டுவருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர விதி, விநியோகிக்கும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. ஆர்.ஓ. ஆலையில் சவ்வைக் காப்பதற்காகக் கரி வடிகட்டியில் அந்தக் குளோரின் முதலிலேயே நீக்கப்படுகிறது. புற ஊதா விளக்கைக் கடந்து கேனுக்குள் வரும்போது நீர் தூய்மையாக இருக்கலாம். ஆனால் அதன் பிறகு புகும் கிருமியைத் தடுக்க அதில் எதுவுமே மிச்சமில்லை. குட்டி யானை வண்டியில் வெயிலில் நின்று, கடையில் ஒரு வாரம் இருந்து, கிளினிக்கின் மூலையில் திறந்தபடி கிடக்கும் கேனில் என்ன நடக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உப்பைத் தவிர்க்க ஆர்.ஓ. நீர் சரியான தேர்வுதான். நானும் அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் உப்பு இல்லாத நீர் காவல் இல்லாத நீரும்கூட என்று டாக்டர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

பரிசோதனை அறிக்கை எதிர்பார்த்தபடியே வந்தது. கேன் நீர் ஏற்கத்தக்க எல்லைக்குள் இருந்தது, பாட்டில் நீர் எல்லையைத் தாண்டியிருந்தது, சிரிஞ்சிலும் ஏரோட்டர் குழாயிலும் எண்ண முடியாத அளவு வளர்ச்சி என்று எழுதியிருந்தார்கள். எல்லை என்று நான் சொல்வது, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2003ஆம் ஆண்டு வழிகாட்டியில் குறித்த அளவு: அறுவை அல்லாத சிகிச்சைக்கான நீரில் மில்லிலிட்டருக்கு 500 வளர்குழுக்களுக்கு (ஊடகத்தில் கிருமிகள் வளர்ந்து தெரியும் புள்ளிகளுக்கு) மேல் இருக்கக் கூடாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1995ஆம் ஆண்டிலேயே 200 என்னும் இன்னும் கடுமையான இலக்கை முன்வைத்திருந்தது.

அறிக்கையைப் பார்த்த டாக்டர் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார்: உலகமெங்கும் இத்தனை நாற்காலிகள் இப்படி ஓடுகின்றனவே, இதனால் யாருக்காவது உண்மையில் நோய் வந்திருக்கிறதா? வந்திருக்கிறது. நாற்காலி நீரில் கிருமி பெருகுவதைப் பிளேக் என்பவர் பிரிட்டனில் 1963ஆம் ஆண்டே எழுதிவிட்டார். 2011ஆம் ஆண்டு இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் லெஜியனெல்லா நிமோனியாவால் இறந்தார். நோய் தொற்றியிருக்கக்கூடிய காலத்தில் அவர் வீட்டைவிட்டு வெளியே சென்றது பல் மருத்துவரிடம் மட்டுமே. அவர் உடலில் கண்ட கிருமியும் அந்த நாற்காலியின் நீர்வழியில் கண்ட கிருமியும் ஒன்றாக இருந்ததை அடுத்த ஆண்டு லான்செட் இதழில் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். குழந்தைகளின் கதை இன்னும் வேதனையானது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2015ஆம் ஆண்டும் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் 2016ஆம் ஆண்டும், பால்பல்லின் கூழை (பல்லுக்குள் இருக்கும் மென்திசுவை) அகற்றும் சிகிச்சை பெற்ற சிறுவர்களுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் என்னும் கிருமியால் தாடையில் கடும் தொற்று ஏற்பட்டது. அனஹைமில் மட்டும் பாதிக்கப்பட்டோர் எழுபது பேரை எட்டினார்கள். பலருக்கு மருத்துவமனையில் அறுவை சிகிச்சையே தேவைப்பட்டது. நிரந்தரப் பற்களை இழந்த குழந்தைகளும் உண்டு. திறந்த கூழறைக்குள் நாற்காலியின் சாதாரண நீர் பாய்ந்ததுதான் காரணம். இவற்றைத் தொடர்ந்து 2022 அக்டோபர் இறுதியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவர்களுக்குத் தனி எச்சரிக்கை விடுத்தது. சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் நம் கிளினிக்குகளுக்கும் தினமும் வருகிறார்கள். நாற்றத்தைப் போக்கினால் போதும் என்று இந்த வேலையை முடித்துக்கொள்ள என்னால் இயலாது.

மருந்து விட்டுக் கழுவுவதற்கு முன்பு கெட்டுப்போன குழாயை மாற்றுவதே என் வழக்கம். இவ்வளவு தடித்த படலத்தில் கிருமிநாசினி மேலடுக்கைத்தான் கொல்லும். செத்த மேலடுக்கு அடியில் உள்ளவற்றுக்கு உணவாகிவிடும். குழாயின் விலையோ மிகச் சொற்பம். பாட்டிலிலிருந்து கட்டை வரையிலும், கட்டையிலிருந்து ஒவ்வொரு ஹேண்ட்பீஸ் வயர் வரையிலும் உள்ள குழாய்களை ஒவ்வொன்றாகப் பழைய நீளத்திற்கே வெட்டி மாற்றினேன். தேவைக்கு மேல் நீளமாகச் சுருட்டி உள்ளே திணித்து வைத்தால் அந்தச் சுருளும் கிருமிக்கு இடமாகிவிடும். ஓ-ரிங்குகளையும் வடிவலையையும் மாற்றினேன். உறிஞ்சுகுழலைக் கழற்றிப் பார்த்தபோது அதன் அடிநுனியும் வழுவழுப்பாக இருந்தது. பாட்டிலை நிரப்பும்போதெல்லாம் அந்தக் குழலைக் கையால் துடைத்துவிடும் பழக்கம் அங்கே இருந்தது. சுத்தமாக வைக்கும் நோக்கத்தில்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் கையின் கிருமி நேராக நீர்வழிக்குள் போய்விடுகிறது. இனி அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

ஏரோட்டரை நிறுத்தும்போது வாயிலுள்ள எச்சிலும் இரத்தமும் பின்னோக்கி உறிஞ்சப்படாமல் தடுக்கும் வால்வையும் அதே வேளையில் சோதித்தேன். கண்ணாடித் துண்டின்மேல் நிறம் கலந்த நீர்த்துளியை வைத்து, ஹேண்ட்பீஸ் நுனியை அதில் தொட்டபடி பெடலை விட்டுப் பார்த்தால், வால்வு பழுதாகியிருக்கும்போது துளி உள்ளே இழுக்கப்படும். மைக்ரோமோட்டார் வழியின் வால்வு இழுத்தது, அதை மாற்றினேன்.

அதன் பிறகுதான் கிருமிநீக்கம். நாற்காலியுடன் வந்த கையேட்டில் குளோரின் சார்ந்த கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சில நாற்காலிகளின் உலோகப் பகுதிகள் அதில் அரித்துவிடும். அவற்றுக்கு நிறுவனம் சொல்லும் வேறு மருந்தையே பயன்படுத்த வேண்டும். இந்த நாற்காலியில் அனுமதி இருந்தது. ஹேண்ட்பீஸ்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்துப் பாட்டிலில் நிரப்பி, ஒவ்வொரு வழியிலும் குளோரின் வாசனை வரும்வரை ஓடவிட்டு, பத்து நிமிடம் நிறுத்தி வைத்தேன். பிறகு பாட்டிலைக் காலிசெய்து, காற்றால் வெளியேற்றி, நல்ல நீரை நிரப்பி, குளோரின் காகிதம் குடிநீர் அளவைக் காட்டும்வரை ஒவ்வொரு வழியையும் அலசினேன். ஹைப்போகுளோரைட் வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் இழக்கும் பொருள். நம் ஊரில் ஏ.சி. இல்லாத அலமாரியில் பல மாதம் இருந்த பாட்டிலின் லேபிள் ஐந்து சதவீதம் என்று சொன்னாலும் உள்ளே அவ்வளவு இருக்காது. புதிதாக வாங்கியதையே பயன்படுத்தினேன். அமிலம் கலந்த எந்தத் துப்புரவு திரவத்தையும் அதன் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அடுத்து அனுப்பிய மாதிரிகள் எல்லா வழிகளிலும் எல்லைக்குக் கீழே வந்தன. சில வாரம் கழித்து எடுத்தவற்றில் ஏரோட்டர் வழி நன்றாக இருக்க, சிரிஞ்சு வழி மட்டும் மறுபடியும் எல்லையைத் தாண்டியிருந்தது. குழாய் புதியது, நீர் ஒன்றே, கழுவியதும் ஒன்றே. அப்படியானால் அந்த வழிக்கு மட்டும் எங்கிருந்தோ கிருமி ஊட்டப்படுகிறது. பிரிப்புக் கட்டையை முழுவதுமாகக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது விடை கிடைத்தது. இந்த நாற்காலியில் முன்பு பதிக்கப்பட்டிருந்த ஸ்கேலரை நீக்கிவிட்டுத் தனியாக மேசையில் வைக்கும் ஸ்கேலரை வாங்கியிருந்தார்கள். பழைய ஸ்கேலரின் குழாய், கட்டையின் பின்பக்கம் சிரிஞ்சின் வாய்க்கு நேர் அடுத்த வாயில் செருகியபடியே, முழங்கை நீளத்திற்கு, மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் அடைப்போடு பின்தகட்டுக்கு அப்பால் மடித்துக் கட்டப்பட்டிருந்தது. ஓட்டமே இல்லாத முட்டுக்குழாய். அலசும்போதும் மருந்து விடும்போதும் அதற்குள் புதிய நீர் நுழையாது. உள்ளே நின்றதோ ஆண்டுக்கணக்கான நீர். அதன் அடைப்பைப் பிடுங்கியபோது கருமையான கசடோடு, முதல் நாள் டாக்டர் சொன்ன அதே நாற்றம் அறை முழுவதும் பரவியது. கட்டையின் வாயிலேயே உலோக அடைப்பை முறுக்கி அந்தக் குழாயை அடியோடு நீக்கி, மறுபடி மருந்து விட்டு அலசினேன். அதற்குப் பிறகு எடுத்த மாதிரிகளில் சிரிஞ்சு வழி எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

பழுதுபார்ப்போர் இந்தப் பதிவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் முட்டுக்குழாயைத் தேடும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்பேன். கருவியை நீக்கும்போது குழாயின் நுனியை அடைத்துவிட்டுப் போவது தொழிலில் பரவலாக இருக்கிறது. வேலை சீக்கிரம் முடிகிறது, கசிவும் இல்லை. ஆனால் அடைக்க வேண்டிய இடம் குழாயின் நுனி அல்ல, அது கிளம்பும் வாய்.

கம்ப்ரஸரையும் விட்டுவிட முடியாது. பாட்டிலுக்குள் புகுவது அதன் காற்று. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் இங்கே கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் நாள்தோறும் நீர் சேர்கிறது. இந்தக் கிளினிக்கில் அடிக்குழாயைத் திறந்தபோது துருவும் எண்ணெயும் கலந்த செந்நீர் நெடுநேரம் வடிந்தது. அந்த ஈரம் காற்றோடு ஏறிப் பாட்டிலுக்குள் போனால் கிருமிக்கு எண்ணெயும் சேர்ந்து உணவாகும். ஈரம் பிரிக்கும் வடிகட்டியைப் புதிதாக மாற்றி, மாலையில் கம்ப்ரஸரை அணைத்ததும் அடிக்குழாயைத் திறந்து வடிப்பதை உதவியாளரின் வேலைப் பட்டியலில் சேர்த்தோம்.

தினசரி நடைமுறையாக எழுதி ஒட்டியவை இவை. காலையில் ஹேண்ட்பீஸ் பொருத்தும் முன்பு ஒவ்வொரு வழியிலும் இரண்டு நிமிடம் நீரை ஓடவிட வேண்டும்; ஒரு நோயாளி முடிந்ததும் இருபது முதல் முப்பது விநாடி நீரும் காற்றும் வெளியேற்ற வேண்டும். இது மிதக்கும் கிருமிகளையும் வாயிலிருந்து பின்வாங்கியவற்றையும் அகற்றுமே தவிர, சுவரில் ஒட்டிய படலத்தை அகற்றாது. ஆகவே ஓடவிடுவதை மருந்துக்கு மாற்றாக எண்ணக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதினேன். பாட்டிலில் ஊற்றும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து அன்றைக்கே பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு நிரப்புதலிலும் நீர்வழிக்கென்றே விற்கும் மாத்திரையை நிறுவனம் குறித்த அளவில் போடுகிறார்கள். மாலையில் பாட்டிலைக் கழற்றி, குழாய்களைக் காற்றால் காலிசெய்து, பாட்டிலைக் கவிழ்த்துக் காயவைக்கிறார்கள். மாதிரிச் சோதனை முதலில் மாதம் ஒருமுறை. தொடர்ந்து நன்றாக வந்தால் மூன்று மாதத்திற்கு ஒருமுறை.

அறுவை சிகிச்சை இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். டாக்டரும் உடனே ஒப்புக்கொண்டார். 500 என்னும் எல்லைக்குள் இருக்கும் நீர் குடிப்பதற்கு ஏற்ற நீரே தவிர, கிருமியற்ற நீர் அல்ல. எலும்பைத் தொடும் வேலை, புதைந்த கடைவாய்ப்பல்லை எடுப்பது, இம்ப்ளான்ட் வைப்பது ஆகியவற்றுக்கு நாற்காலியின் பாட்டிலில் ஸ்டெரைல் நீரை ஊற்றினாலும் பயனில்லை, ஏனெனில் வழியில் உள்ள குழாய் ஸ்டெரைல் அல்ல. சலைன் பாட்டிலிலிருந்து, ஒருமுறை மட்டும் பயன்படும் தனிக் குழாய் வழியாகவோ ஸ்டெரைல் சிரிஞ்சு வழியாகவோ நீர் வர வேண்டும். குழந்தைகளின் கூழ் சிகிச்சையிலும் அந்த முறையையே அவர் கடைப்பிடிக்கிறார்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் டம்ளர் வழியை வால்விலேயே மூடிவிட்டோம். வாய் கொப்பளிக்க மூடிய ஜாடியிலிருந்து தனித் தம்ளரில் நீர் தருகிறார்கள். கிண்ணத்தை அலசும் வழி மட்டும் தொட்டித் தண்ணீரில் இருக்கிறது. அது பாட்டில் வழியோடு எங்கும் இணையாதபடி குழாய்களை நெடுகத் தடவிச் சரிபார்த்தேன். நாற்காலியின் பின்தகட்டு உட்புறத்தில் குழாய் மாற்றிய மாதமும் மருந்து விட்ட நாட்களும் ஒவ்வொரு வழியின் சோதனை எண்ணிக்கையும் எழுதிய அட்டையை ஒட்டியிருக்கிறேன். அடுத்து யார் திறந்தாலும், எந்த வாய் எதற்குப் போகிறது, எது உலோகத்தால் அடைக்கப்பட்டது என்று அதிலேயே படம் போட்டிருக்கிறது.